அருந்தவன் வரைந்த வட்டாரம்

அருந்தவன் ஒரு வரைபடத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் தன் பெயரெழுத்தாக "க. அ." என்று எழுதிவிட்டார் என்றால், அதில் இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் அவர் காலால் நடந்து பார்த்திருக்கிறார் என்று பொருள். யாழ்ப்பாணத்து நில அளவை அலுவலகத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவர். அங்கே ஒருமுறை மேலதிகாரி ஒருவர், தான் சொன்ன காணிக்கு எல்லை கீறிப் பெயரெழுத்தும் போட்டுத் தரும்படி நெருக்கினார். "நான் அந்த வேலியைக் காணேல்லை ஐயா, கண்டிட்டுப் போடுறன்" என்று இவர் சொல்ல, மறுமாதமே மன்னாருக்குத் தூக்கியடித்தார்கள். போனார். ஆனால் எழுத்தைப் போடவில்லை. அப்படிப்பட்ட மனிசனைத்தான் ஒரு பொடியன் கடைசியில் பேயனாக்கினான். எப்படி என்று கேளுங்கள்.

சிட்னிக்கு வந்த பிறகு அருந்தவனுக்கு ஆர் வரைபட வேலை கொடுப்பார்? பிளாஸ்ரிக் பெட்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்துநாலு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பென்டில் ஹில்லில் இருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, பாங்சியா ஸ்ட்ரீட்டின் கடைசி வீட்டை வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடைக்கு அங்கால் ஸ்டேஷன், டொக்டர், லைப்ரரி, கவுன்சில் மண்டபம் எல்லாம். இங்கால் எண்பத்தெட்டு வீடு மட்டும். இரண்டையும் ஒரு மரப்பாலம் சேர்த்து வைத்திருந்தது. அதில் நடந்தால் மண்டபத்துக்கு நாலே நாலு நிமிடம்.

அந்தப் பாலத்தை அதிகம் நம்பியிருந்தது அவருடைய மனைவி சந்திரகலா. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அருந்தவனுக்கோ இடது கண்ணில் வந்த வருத்தத்தோடு டொக்டர் லைசன்ஸைப் பறித்துவிட்டார். ஆனாலும் வியாழக்கிழமை பத்து மணிக்கு சந்திரகலா ஒருவரையும் எதிர்பாராமல், கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தால் நடந்து மண்டபத்துக்குப் போய்விடுவார். அங்கே முதியோர் சங்கத்தில் பெண்கள் நாலு மேசை போட்டு முந்நூற்றுநாலு என்கிற சீட்டு ஆடுவார்கள். துரும்பு வைப்பதில் சந்திரகலாவை வெல்ல அந்த மண்டபத்தில் ஆளில்லை. முழங்கால் இரண்டிலும் நோ இருந்தும், வியாழக்கிழமைகளில் மட்டும் அவருக்கு வயது பத்துக் குறைந்துவிடும்.

இனி அந்தப் பொடியனுக்கு வருவோம். பெயர் நரேன். வயது நாற்பது இருக்கும். வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கிற தொழில். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கவுன்சில் தேர்தலுக்கு நின்றான். ஒருநாள் பின்னேரம் துண்டுப்பிரசுரத்தோடு அருந்தவனின் வாசலில் வந்து நின்றான்.

அருந்தவனின் ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவு. அந்த ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இரண்டு பேர் சந்தித்தாலும், பேரைக் கேட்கும் முன்னமே "எத்தினையாம் வட்டாரம்?" என்று கேட்டுவிடுவார்கள். ஊரைப் பன்னிரண்டு வட்டாரமாகப் பிரித்துவிட்டுப் போனவர்களுக்கு அது நிர்வாகம். ஊர்ச் சனத்துக்கு அது சாதகம் மாதிரி. அருந்தவன் ஒன்பதாம் வட்டாரம்.

"அப்பா புங்குடுதீவு, அங்கிள். ஒன்பதாம் வட்டாரம்" என்றான் நரேன்.

போதும். அருந்தவனுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. எந்தக் கட்சி, என்ன கொள்கை, இதற்கு முன்னம் என்ன செய்தாய், ஒரு கேள்வி இல்லை. "சந்திரா, தேத்தண்ணி போடும், எங்கட வட்டாரத்துப் பிள்ளை வந்திருக்கு" என்று குசினிக்குக் குரல் கொடுத்தார். நம்ப நட, நம்பி நடவாதே என்று நமக்குச் சொல்லித்தந்தவர்கள் இந்த வட்டாரப் பைத்தியத்தை நினைத்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

இங்கேயும் கவுன்சிலை வட்டாரங்களாகத்தானே பிரித்திருக்கிறார்கள். நரேன் நின்ற வட்டாரம் ஓடையின் இரண்டு கரையையும் சேர்த்தது. அருந்தவன் பதினான்கு சனி ஞாயிறு நடந்து அந்த வட்டாரம் முழுவதையும் கையால் கீறிக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, தபால்காரனுக்கும் தெரியாததெல்லாம் அதில் இருந்தது. எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் படுப்பார்கள், எந்தக் கிழவரிடம் முதலில் கிரிக்கெட் கதைத்துவிட்டுத்தான் வோட்டைப் பற்றிக் கதைக்க வேண்டும், எல்லாம் சின்னச் சின்னத் தமிழ் எழுத்துகளில். மூலையில் க. அ.

நரேன் அறுபத்தொரு வோட்டால் வென்றான். வெற்றிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இந்த வெற்றி அருந்தவன் அங்கிளின்ர கால் நடந்த வெற்றி" என்றான். அருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலையில் இருபத்துநாலு வருடத்தில் அவருடைய காலைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த மார்ச்சில் மழை பிடித்தது. ஓடை பெருகி, வேரோடு வந்த மரமொன்று பாலத்தில் மோதி அதைச் சரித்துப் போட்டது. கவுன்சில்காரர் முதலில் கம்பிவேலி அடித்தார்கள். பிறகு கிரேனைக் கொண்டுவந்து மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குசினி யன்னலால் பார்த்தால் மண்டபத்தின் கூரை தெரிகிறது. ஆனால் அங்கே போக இனி பெருந்தெருவால் சுற்ற வேண்டும். பாதி வழிக்கு நடைபாதை கிடையாது. பஸ் எடுத்தால் அடுத்த ஊருக்குப் போய், அங்கேயிருந்து ரெயினில் திரும்பி வரவேண்டும். ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம். சந்திரகலா இரண்டு வியாழன் அப்படிப் போய்ப் பார்த்தார். மூன்றாவது வியாழன், "எனக்கு ஏலாதப்பா, அவையள் வேற ஆளைச் சேர்த்து விளையாடட்டும்" என்று சொல்லிவிட்டு, யன்னல் திரையை இழுத்து மூடினார். அந்தத் திரை மூடின சத்தம் அருந்தவனின் நெஞ்சில் விழுந்தது. பாலம் வந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

நரேனிடம் போனார். நரேன் எழும்பிக் கதிரை கொடுத்தான். "அங்கிள், கட்டாயம் செய்வம். நீங்கள் ஒரு பெட்டிஷன் கொண்டு வாங்கோ. நல்லா அழுத்தி எழுதுங்கோ. பாலம் போனாப் பிறகு நாங்கள் தனிச்சுப் போனம், இந்தப் பக்கத்தோட எங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை, கடை டொக்டர் எல்லாத்துக்கும் மற்ற ஊருக்குத்தான் போறம் எண்டு எழுதுங்கோ. அப்பிடி எழுதினாத்தான் கவுன்சில் அசையும்."

அன்றைக்கே மனதில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் சொன்னானா, பிறகுதான் புத்தி அப்படிப் போனதா, அது அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் வெளிச்சம்.

அருந்தவன் எழுதினார். அப்படியே, அவன் சொன்ன வரி தவறாமல். கூடவே ஒரு வரைபடமும் கீறினார். ஓடை தடித்த நீலம். பாலம் இருந்த இடம் கறுப்புப் புள்ளிக்கோடு. சுற்றிப் போகிற வழி சிவப்பு. அந்தச் சிவப்பை அவர் காலாலேயே அளந்தார். மூவாயிரத்து நானூற்றுப் பத்துக் காலடி. மூலையில் க. அ.

பிறகு எண்பத்தெட்டு வீட்டுக் கதவும் தட்டினார். முதல் கையெழுத்து மார்கரட்டுடையது. பக்கத்து வீட்டுக்காரி, எண்பத்தொரு வயது, அந்தத் தெருவிலேயே பிள்ளை பெற்றுப் பேரன் கண்டவர். "நாற்பது வருடமாக எத்தனையோ பேர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நீ கேட்கிறாய் என்பதற்காகப் போடுகிறேன்" என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு, முழுப் பெயரையும் எழுதினார். மொத்தம் இருநூற்றுப் பதினாலு கையெழுத்து. லெபனான்காரர், நேபாளத்துப் பிள்ளைகள், வாய் திறவாத ஒரு கிரேக்கக் கிழவர் எல்லாரும் போட்டார்கள்.

நரேன் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "ஆறு மாசம் அங்கிள்" என்றான்.

ஆறு மாதம் போனது. இன்னொரு ஆறும் போனது. "பைல் மூவ் பண்ணுது அங்கிள்" என்பான். இதற்கிடையில் ஸ்டேஷனடியில் பெரிய பெரிய மாடி பிளாட்டுகள் எழும்பின. சனம் வந்து குவிந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் வாக்காளர் தொகை பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசப்படக்கூடாது என்பது சட்டம். நரேனின் வட்டாரம் வீங்கிப்போய் நின்றது. எல்லையைத் திருத்திக் கீற வேண்டும், யாரையாவது வெளியே தள்ள வேண்டும் என்ற நிலை வந்தது.

ஒருநாள் காலை மார்கரட் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து மணியடித்தார். கவுன்சில் மக்கள் பார்வைக்கு வைத்த புதிய எல்லை அறிக்கையை லைப்ரரியில் அச்செடுத்து வந்திருந்தார். அந்த லைப்ரரிக்கும் ஒரு மணித்தியாலம் சுற்றித்தான் போயிருப்பார். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே ஒரு பக்கத்தை விரலால் காட்டினார்.

ஓடைக்கு மேற்கேயுள்ள எண்பத்தெட்டு வீடுகளையும் அடுத்த வட்டாரத்தோடு சேர்க்கலாம் என்று அதில் இருந்தது. முன்மொழிந்தவர் கவுன்சிலர் நரேன். காரணம்: தமக்கு இந்த வட்டாரத்தோடு ஒரு தொடர்பும் இல்லை என்றும், தங்கள் அலுவல்களுக்கு மற்ற ஊருக்கே போவதாகவும் அந்தக் குடியிருப்பாளர்களே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆதாரம்: பின்னிணைப்பு நாலு.

அருந்தவன் பக்கத்தைப் புரட்டினார். பின்னிணைப்பு நாலு என்று அவருடைய நீல ஓடை படுத்திருந்தது. அவருடைய சிவப்புக் கோடு. அவருடைய க. அ. அதற்குக் கீழே, வரிசையாக, இருநூற்றுப் பதினாலு பேர். முதலில் மார்கரட்.

"அருண், எதற்கு என்று சொல்லி என்னிடம் இதை வாங்கினாய்?" என்று மார்கரட் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை.

"பாலத்துக்கு" என்றார் அருந்தவன்.

மார்கரட் போன பிறகு மனிசன் கதிரையில் இருந்தபடி இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. அவமானம், ஐயோ, அவமானம். வீட்டில் களவு போயிருந்தாலும் இப்படி இருந்திராது. இது தன் கையால் தன் கண்ணையே குத்தின கதையல்லவா? அவனுக்கு ஆயுதம் தீட்டிக் கொடுத்தவரும் இவர்தான், பிடி போட்டுக் கொடுத்தவரும் இவர்தான். மன்னாருக்குத் தூக்கியடித்தபோதும் விற்காத எழுத்தை, தேத்தண்ணி கொடுத்து ஒருவனுக்குத் தாரை வார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை பென்டில் ஹில் மளிகைக் கடையில், மரக்கறிப் பக்கத்தில் நரேனைப் பிடித்தார். அவன் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அது பாலத்துக்கு வாங்கின கையெழுத்தல்லோ?"

"அங்கிள், மெல்லக் கதையுங்கோ, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீர் சொல்லும்."

நரேன் முருங்கைக்காயைத் திரும்ப வைத்தான். "நம்பர் கூடிப்போச்சு அங்கிள். ஆரையோ வெளியில விட்டுத்தான் ஆகவேணும். ஓடை ஒரு நல்ல பவுண்டரி. நீங்களே அவ்வளவு கிளியரா கீறித் தந்திருக்கிறியள்."

"புதுப் பிளாட்டுகள் ரெண்டை விட்டிருக்கலாமே. ஏன் எங்களை?"

"அந்த பிளாட்டுகளில எனக்கு நல்ல சப்போர்ட் இருக்கு அங்கிள்." சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது போல. அவசரமாக, "பாலத்தை இனி மற்ற வட்டாரத்துக் கவுன்சிலர் பாப்பார். உங்களுக்கும் அது நல்லதுதானே" என்று சேர்த்துக்கொண்டான்.

"எங்கட ஒன்பதாம் வட்டாரத்துப் பிள்ளை எண்டெல்லே உம்மை நம்பினனான்."

நரேன் சிரித்தான். கெட்ட சிரிப்புக்கூட இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சிரிக்கிற மாதிரி. "அங்கிள், நான் அந்த ஊரை ஒருக்காக்கூடக் கண்டதில்லை."

அருந்தவன் கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். ரெயினில் வரும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. அவனும் வரைபடம்தான் வைத்திருந்தான். அதில் இவர் ஒரு குறுக்குவழி.

கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுப்பார்கள். அருந்தவன் எழுதிக்கொண்டு போனார். "நான் ஒரு படவரைஞர்" என்று தொடங்கி, அந்தக் கையெழுத்துகள் எதற்கு வாங்கியவை என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். நரேன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீர்மானத்துக்குக் கை உயர்த்தச் சொன்னபோது முதலில் உயர்ந்த கை அவனுடையது. ஒன்பதுக்கு ஐந்து என்று நிறைவேறியது.

அடுத்த வட்டாரத்துக் கவுன்சிலருக்கும் எழுதிப் பார்த்தார். மரியாதையான பதில் வந்தது: பாலத்தின் மறுகரை தன்னுடைய வட்டாரத்தில் இல்லை, எனவே தான் தனியே ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கரைக்காரன் அந்தக் கரையைக் காட்டினான், அந்தக் கரைக்காரன் இந்தக் கரையைக் காட்டினான். நடுவில் தண்ணீர் தன்பாட்டில் ஓடியது.

பிறகு அருந்தவன் செய்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். எண்பத்தெட்டு வீட்டுக் கதவையும் இன்னொருமுறை தட்டினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்கள் கையெழுத்தை நான் பிழையான ஆளிடம் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஏசினார். லெபனான்காரர் ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்தார். கிரேக்கக் கிழவர் தோளில் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். மார்கரட் மட்டும், "அடுத்த முறை வாசித்துவிட்டு வா" என்றார்.

"வாசித்தேன், மார்கரட். எழுதினதே நான்தான்" என்றார் அருந்தவன்.

செப்டெம்பரில் தேர்தல் வந்தது. வோட்டுப் போடாவிட்டால் தண்டம் என்பதால் சந்திரகலாவும் வெளிக்கிட்டார். இரண்டு வட்டாரத்துக்கும் வாக்குச்சாவடி ஓடைக்கு அங்கால் இருக்கிற ஒரே பள்ளிக்கூடம்தான். பஸ்ஸும் ரெயினும் ஏறி, ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார்கள். வாசலில் சொசேஜ் பொரிக்கிற மணம். பெற்றோர் சங்கக்காரர் பாணுக்குள் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் குடையொன்றின் கீழே மேசை போட்டு, தன் படம் போட்ட ரீசேர்ட்டோடு நரேன் நின்றான்.

"அன்ரி! எப்பிடிச் சுகம்?" துண்டுப்பிரசுரத்தைச் சந்திரகலாவின் கையருகே நீட்டினான். அவர் கை அரைவாசி தூரம் போனது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. பிரசுரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "ஆ, நீங்கள் இப்ப மற்ற வட்டாரமெல்லோ. இது உங்களுக்குத் தேவைப்படாது அன்ரி."

சந்திரகலாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதைக் கைப்பையின் வாரைத் திருத்துவது போல மேலே கொண்டுபோனார்.

அருந்தவன் அவனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். வீடுவீடாகப் போகிற தொண்டர்களுக்காக அங்கே ஒரு வரைபடம் விரித்திருந்தது. அவர் பதினான்கு சனி ஞாயிறு நடந்து கீறின வரைபடம். நாய் நிற்கிற வீடு, கிரிக்கெட் கிழவர் வீடு எல்லாம் அவருடைய கையெழுத்தில் அப்படியே. ஓடைக்கு மேற்கே மட்டும் அழித்து வெள்ளையாக விட்டிருந்தது. பாங்சியா ஸ்ட்ரீட் இல்லை, எண்பத்தெட்டு வீடு இல்லை. அவர் வீடு இருந்த இடத்தில் தொண்டர்களின் போன் நம்பர்கள் எழுதியிருந்தன. கீழே வலது மூலையில் க. அ.

"உமக்கு எதிராய் ஒரு வோட்டுப் போடக்கூட எனக்கு வழி வைக்கேல்லைத் தம்பி" என்றார். குரல் உயரவில்லை. "நீர் கெட்டிக்காரன்தான்."

"அங்கிள், இண்டைக்கு வேண்டாம், பிறகு கதைப்பம்."

மேசையில் கிடந்த பேனையை அருந்தவன் எடுத்தார். குனிந்து, நல்ல கண்ணைக் கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோய், தன்னுடைய இரண்டு எழுத்தையும் ஒரு கோட்டால் வெட்டினார். நேரான கோடு. "இது நான் கீறின படம் இல்லை. நான் கீறின படத்தில ஆக்கள் இருந்தவை" என்று சொல்லிப் பேனையை மூடி வைத்தார்.

உள்ளே போய், முன்பின் தெரியாத பெயர்களுக்கு எதிரே இருவரும் இலக்கமிட்டுப் பெட்டியில் போட்டார்கள். வெளியே வந்து பள்ளிக்கூடத்துப் பின்வேலியடியில் சந்திரகலா கொஞ்சம் நின்றார், முழங்கால் ஆறட்டும் என்று. அங்கிருந்து பார்த்தால் ஓடை தெரிந்தது. அதற்கு அங்கால் அவர்களுடைய குசினி யன்னலும், காலையில் கொடியில் போட்டு எடுக்க மறந்த துவாயும் தெரிந்தன.

"வாரும், ரெயின் எடுப்பம், பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு" என்றார் அருந்தவன்.